மாதாந்த மருந்து தீருமுன் கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள்

உக்குவெல, வரக்காமுறை, நிககொல்ல, ரைத்தலாவெல, மடவளை உல்பொத, கலேவெல என்று மாத்தளை மாவட்டத்தில் நமது மக்கள் வாழும் எந்த ஊருக்குப் போனாலும், ஓரம் கிழிந்த ஒரு கிளினிக் கொப்பியாவது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. உம்மாவுக்குச் சீனி, வாப்பாவுக்குப் பிரஷர், மாமிக்குக் கொலஸ்ட்ரோல், சாச்சாவுக்கு இருதய வருத்தம். இவை ஓரிரு கிழமையில் சுகமாகி முடியும் வருத்தங்கள் அல்ல. ஒவ்வொரு மாதமும் மருந்து எடுக்க வேண்டும். அடுத்த மாதமும் எடுக்க வேண்டும். பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும்.

நான் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி பல வருடங்களாக நான் கண்டவர்களில் இரண்டு வகையானோர்தான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தவர்கள். முதல் வகையினர், மருந்து முடிந்து பத்து நாட்களுக்குப் பிறகு வருபவர்கள். "கிளினிக் திகதி இன்னும் வரவில்லை, அதனால் சும்மா இருந்தேன்" என்பார்கள். இரண்டாம் வகையினர் ஒரு மாதமும் தவறாமல் வருவார்கள். ஆனால் ஐந்து வருடங்களாக அதே மருந்து, அதே அளவு. இரத்தம் சோதித்தது எப்போது என்று கேட்டால் நினைவில்லை.

முதலாமவர் மருந்தைத் தொடரவில்லை. இரண்டாமவர் தொடர்ந்தார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார். இரண்டுமே ஆபத்துத்தான். மாதாந்த மருந்து இடையில் அறுந்து போகவும் கூடாது, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரு குடும்பம் எப்படிக் கவனித்துக் கொள்ளலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

நமக்குரிய வழிகள்

லண்டனில் இருக்கும் நமது பிள்ளைகள் சிலர், "ஏன் உம்மா வரிசையில் நிற்கிறீர்கள்? டொக்டருக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னால் மருந்து தயாராக இருக்காதா?" என்று கேட்கிறார்கள். அங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்திருப்பார்கள். தொடர்ந்து எடுக்கும் மருந்துகளின் பட்டியல் அந்த வைத்தியரின் கணினியில் இருக்கும். மருந்து முடியும் முன் கைபேசியில் கேட்டால், வைத்தியர் அனுமதித்து, அருகிலுள்ள பார்மசிக்கு அனுப்பி வைப்பார். மருந்துகளை மீளாய்வு செய்ய வேண்டிய நேரம் வந்தால் நோயாளியை அழைப்பார்கள்.

நம் நாட்டில் அப்படி ஒரே கோப்பு இல்லை. நமது மாவட்டத்தில் மாதாந்த மருந்து நான்கு வழிகளில் கிடைக்கிறது. மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை, தம்புள்ளை ஆதார வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளின் கிளினிக்குகள் ஒன்று. ஊருக்கு அருகில் இருக்கும் பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளும் இரண்டாவது. டிஸ்பென்சரி வைத்திருக்கும் தனியார் குடும்ப வைத்தியர் மூன்றாவது. வைத்தியரின் துண்டைக் காட்டி பார்மசியில் காசு கொடுத்து வாங்குவது நான்காவது.

பலர் இந்த நான்கு வழிகளையும் ஒரே காலத்தில் பயன்படுத்துகிறார்கள். சீனிக்குக் கிளினிக், காய்ச்சலுக்கு டிஸ்பென்சரி, மூட்டு வலிக்குப் பார்மசி என்று போகிறார்கள். இந்த நான்கு இடத்தவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அவர்களை இணைக்கக்கூடிய ஒரே பொருள் உங்கள் கையில் இருக்கும் கிளினிக் கொப்பிதான். ஆகவே காய்ச்சலுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் அந்தக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள்.

கொப்பியை வாசிப்பது எப்படி?

"டொக்டர் எழுதியது நமக்கு விளங்குமா?" என்று சிலர் கொப்பியைத் திறந்தே பார்ப்பதில்லை. மருந்தின் பெயர், அதன் பலம், எத்தனை தரம், எத்தனை நாளைக்கு என்ற நான்கு விடயங்கள்தான் அதில் இருக்கின்றன. பலம் மில்லிகிராமில் இருக்கும். பீ.டி. என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் நாளுக்கு இரண்டு தரம். டீ.டி.எஸ். என்றால் மூன்று தரம். மானே என்றால் காலையில், நொக்டே என்றால் இரவில். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும்.

கடைசியில் ஒரு பின்னம் போல எழுதியிருப்பார்கள். அதுதான் காலம். 1/12 என்றால் ஒரு மாதம், 2/12 என்றால் இரண்டு மாதம். 2/52 என்றால் இரண்டு வாரம். 5/7 என்றால் ஐந்து நாள். வருடத்தில் 12 மாதம், 52 வாரம், வாரத்தில் 7 நாள் என்பதுதான் கணக்கு. இந்த ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே, எது மாதாமாதம் தொடர வேண்டிய மருந்து, எது ஐந்து நாளோடு நிறுத்த வேண்டிய மருந்து என்பது விளங்கிவிடும். ஐந்து நாளுக்கு எழுதிய வலி மருந்தை வெளியில் வாங்கி மாதக் கணக்கில் விழுங்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொண்டவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து, குளிசைக் கணக்கு. "ஒரு மாத மருந்து" என்று சொன்னாலும், அடுத்த கிளினிக் திகதி சரியாக முப்பதாம் நாளில் வருவதில்லை. கிளினிக் வாரத்தின் குறிப்பிட்ட ஒரு நாளில் நடக்கும். அந்த நாள் போயா தினமாகவோ அரச விடுமுறையாகவோ இருந்தால் திகதி தள்ளிப் போகும். ஓர் உதாரணம் பாருங்கள். மெட்போமின் 500 மில்லிகிராம், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் நாளுக்கு 4 குளிசை. நான்கு வாரத்துக்கு 112 போதும். ஆனால் அடுத்த திகதி ஐந்து வாரம் கழித்து என்றால் 140 தேவை. 112 மட்டும் வாங்கி வந்தால் கடைசி ஏழு நாளும் மருந்து இல்லை.

இன்சுலினுக்கும் இதே கணக்குத்தான். 10 மில்லிலீற்றர் குப்பியில், ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு வீதம் 1000 அலகு இருக்கும். காலை, மாலை சேர்த்து நாளுக்கு 40 அலகு போடுபவருக்கு அந்தக் குப்பி 25 நாளுக்குத்தான் வரும்.

எனவே மருந்தை வாங்கியதும் ஜன்னலை விட்டு அகலுமுன் அடுத்த திகதியைப் பாருங்கள், நாளைக் கணக்கிடுங்கள். குறைந்தால் அங்கேயே மரியாதையாகச் சொல்லுங்கள். பின்னால் நூறு பேர் நிற்கும் அவசரத்தில் மருந்தாளருக்கும் தவறலாம். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துச் சொல்வதைவிட அந்த இடத்தில் சொல்வது இருவருக்கும் இலகு.

திகதி தவறினால்

மையித்து வீடு, மழை, பஸ் இல்லை, பேரப்பிள்ளைக்குப் பரீட்சை என்று ஏதோ ஒரு காரணத்தால் கிளினிக் திகதி தவறலாம். பலர் அதற்குப் பிறகு ஏச்சு விழும் என்று பயந்து அடுத்த மாதம் வரை போவதேயில்லை. அது பிழை. ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை, கொப்பியோடு அடுத்த கிளினிக் நாளிலேயே போங்கள். அதுவரை இருக்க முடியாது என்றால் வெளிநோயாளர் பிரிவில் கொப்பியைக் காட்டி, சில நாளைக்காவது மருந்து கேளுங்கள். அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலும் கேட்கலாம்.

நடக்க முடியாத, படுக்கையில் இருக்கும் நோயாளிக்காகப் பிள்ளைகள் கொப்பியோடு போய் மருந்து எடுப்பதைப் பல கிளினிக்குகள் அனுமதிக்கின்றன. ஆனால் போகிறவருக்கு நோயாளியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். மருந்து எடுப்பதற்கென்று த்ரீவீல்காரத் தம்பியை அனுப்பினால், "இப்போது கால் வீங்குகிறதா? இரவில் மூச்சு வாங்குகிறதா?" என்று டொக்டர் கேட்கும்போது அவர் என்ன சொல்வார்? போகிறவரின் கையில் கடைசி வாரத்துச் சீனி அளவு, பிரஷர் அளவு, புதிய முறைப்பாடுகள் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

டிஸ்பென்சரி உறையில் பெயர் இருக்கிறதா?

நமது குடும்ப வைத்தியர்கள் பலர் தாமே மருந்தையும் கொடுக்கிறார்கள். இது நமக்குப் பெரிய வசதி. ஆனால் சில இடங்களில் சிறிய கடதாசி உறையில் குளிசையைப் போட்டு, மேலே காலை, இரவு என்று மட்டும் குறித்துத் தருகிறார்கள். மருந்தின் பெயர் இருக்காது. "வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சள் பாதி" என்பதுதான் நோயாளிக்குத் தெரிந்ததெல்லாம். அந்த வைத்தியர் ஒரு மாதம் ஊரில் இல்லாமல் போனால், அல்லது நோயாளி நள்ளிரவில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக் குளிசைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

"டொக்டர், மருந்தின் பெயரையும் பலத்தையும் இந்தக் கொப்பியில் எழுதித் தாருங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது நோயாளியின் உரிமை. நல்ல வைத்தியர் ஒருபோதும் மறுக்க மாட்டார்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

பனடோல் என்பதும் பரசிட்டமோல் என்பதும் ஒன்றுதான் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மெட்போமினும் குளுக்கோபேஜும் ஒன்று, லொசாட்டனும் கோசாரும் ஒன்று, அட்டோவஸ்டட்டினும் லிப்பிட்டோரும் ஒன்று என்பது தெரியாது. முதலாவது மருந்தின் சொந்தப் பெயர். இரண்டாவது கம்பனி வைத்த வியாபாரப் பெயர். கிளினிக்கில் தந்த லொசாட்டனையும், தனியார் வைத்தியர் எழுதிய வேறொரு வியாபாரப் பெயரிலான லொசாட்டனையும் சேர்த்து விழுங்கி, பிரஷர் சடுதியாக இறங்கி விழுந்தவர்கள் உண்டு. சீனிக் குளிசையை இப்படி இரட்டிப்பாக எடுத்தால் விளைவு இன்னும் மோசமாகலாம்.

இந்தக் குழப்பத்தை ஒழிக்கவே பேராசிரியர் செனக பிபிலே பாடுபட்டார். 1971 இல் உருவாக்கப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். தேவையான மருந்துகளை மட்டும், சொந்தப் பெயரில், நாட்டுக்கே மொத்தமாக வாங்கினால் ஏழைக்கும் மருந்து எட்டும் என்பது அவரது கொள்கை. வளர்முக நாடுகள் பலவற்றின் மருந்துக் கொள்கைகளுக்கு அது முன்மாதிரியானது. நாம் இன்று "ஒசுசல" என்று சொல்லும் அரச பார்மசிகள் அந்தக் கூட்டுத்தாபனத்தின் கிளைகள்தான். ஆகவே கிளினிக்கில் இம்மாதம் குளிசையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் பதற வேண்டாம். உறையிலுள்ள சொந்தப் பெயரையும் பலத்தையும் கொப்பியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது அதே மருந்துதான். ஒன்றாக இல்லாவிட்டால் விழுங்குமுன் கேளுங்கள்.

"வெளியில் எடுங்கள்" என்று துண்டு தந்தால்

2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது வைத்தியசாலைகளில் பல மருந்துகள் இல்லாமல் போனதும், பார்மசிகளில் விலை ஏறியதும் நமக்கு மறக்காது. அன்று போல் இன்று இல்லாவிட்டாலும், இடைக்கிடை ஏதாவதொரு மருந்துக்குத் தட்டுப்பாடு வரத்தான் செய்கிறது. அப்போது வெளியில் வாங்கும்படி துண்டு தருவார்கள். பலர் அந்தத் துண்டைப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு, கிடைத்த மருந்துகளை மட்டும் எடுக்கிறார்கள். காசு இல்லை என்று சொல்ல வெட்கம். கிடைக்காத அந்த ஒரு மருந்துதான் சில வேளை முக்கியமான மருந்தாக இருக்கும்.

வெட்கப்படாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்குப் பதிலாக வைத்தியசாலையில் இருக்கும் வேறு மருந்து தர முடியுமா? இவற்றில் ஒரு நாளும் விடக் கூடாதது எது? துண்டில் மருந்தின் சொந்தப் பெயர் எழுதியிருக்கிறதா? சொந்தப் பெயர் இருந்தால் பார்மசியில் விலை குறைந்த வகையைக் கேட்டு வாங்கலாம். ஒசுசலவில் விலையை விசாரித்துப் பார்க்கலாம். முழு மாதத்துக்கும் வாங்க முடியாவிட்டால், ஒரு வாரத்துக்கு வாங்கிவிட்டு மறு வாரம் மீண்டும் வாங்கலாம். நாளுக்கு இரண்டு எடுக்க வேண்டியதை ஒன்றாகக் குறைத்து நாளை நீட்டுவது மட்டும் வேண்டாம்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபை அமைக்கப்பட்டது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. பின்னர் விலைகள் மாற்றப்பட்டிருந்தாலும், அட்டையில் அச்சிட்ட விலையைப் பார்ப்பதும் பற்றுச்சீட்டுக் கேட்பதும் நமது கடமை.

எதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது?

எல்லா மருந்தும் முக்கியம்தான். ஆனால் சிலவற்றைச் சடுதியாக நிறுத்தினால் உடனேயே ஆபத்து வரலாம். வலிப்புக்கான கார்பமசெபின், வல்ப்ரோவேட் போன்றவை நின்றால் வலிப்பு மீண்டும் வரலாம். இருதயத்துக்கான அட்டெனலோல், பிஸோப்ரொலோல் போன்றவற்றைத் திடீரென விட்டால் நெஞ்சு வலி கூடலாம். நீண்ட காலமாக எடுக்கும் பிரெட்னிசலோன், இன்சுலின், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வோபரின், இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரின் குளோபிடோக்ரெல், மனநல மருந்துகள் ஆகியனவும் இந்தப் பட்டியலில் அடங்கும். இவற்றில் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் கொப்பியின் முன் அட்டையிலேயே சிவப்பு மையால் எழுதி வையுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நமது மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மண் சரிந்து, வீதிகள் அறுந்தன. அப்படியான நாளில் மருந்து தீர்ந்தவர் எங்கே போவது? மலைப் பகுதிகளில் வாழும் நாம் குறைந்தது ஒரு வாரத்துக்கான மருந்தை எப்போதும் மேலதிகமாக வைத்திருக்க வேண்டும். கிளினிக் டொக்டரிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்கலாம். முடியாவிட்டால், வசதி உள்ளவர் ஒரு தடவை மட்டும் ஒரு வார மருந்தை வெளியில் வாங்கலாம். பிறகு ஒவ்வொரு மாதமும் பழையதை முதலில் எடுத்து, புதியதை ஒதுக்கி வைத்தால் காலாவதியும் ஆகாது. மருந்தும் கொப்பியின் முக்கியப் பக்கங்களின் பிரதியும் ஒரு பொலித்தீன் உறையில், வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தால் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கொப்பியைக் கைபேசியில் படமெடுத்து, பிள்ளைகள் இருவருக்கு அனுப்பி வையுங்கள்.

திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவோரத்திலோ நடுத் தட்டிலோ வைக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்தது பயன்படாது. பாவனையில் உள்ள குப்பியைச் சூரிய வெளிச்சம் படாத குளிர்ச்சியான இடத்தில் வைத்து, பொதுவாக நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும்.

தொடர்வது போல் பார்ப்பதும் முக்கியம்

இனி, ஒரு மாதமும் தவறாதவர்களுக்கு. சனக்கூட்டம் நிறைந்த கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "எப்படி, சுகமா?" என்றால் "சுகம்" என்கிறோம். "அதே மருந்து" என்று எழுதப்படுகிறது. அப்படியே வருடங்கள் ஓடுகின்றன. இதில் டொக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்க வேண்டியதை நாமும் கேட்பதில்லை.

மெட்போமின் எடுப்பவரின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைக் குறைந்தது வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும், சில நேரம் நிறுத்த வேண்டும். லொசாட்டன், எனலப்ரில் எடுப்பவருக்குச் சிறுநீரகத்தோடு பொட்டாசியமும் பார்க்க வேண்டும். வோபரின் எடுப்பவர் ஐ.என்.ஆர். பரிசோதனை இல்லாமல் அதைத் தொடரவே கூடாது. சீனி உள்ளவருக்கு, கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும், வருடத்துக்கு ஒரு தடவை கண்ணும் பாதமும் பார்ப்பதும் அவசியம். கிளினிக் நாளன்று மட்டும் காலையில் பட்டினி இருந்து சீனியைக் குறைத்துக் காட்டுவதால் ஏமாறுவது டொக்டர் அல்ல.

இளம் பெண்களுக்கு முக்கியமான ஒன்று. லொசாட்டன், எனலப்ரில், வல்ப்ரோவேட், அட்டோவஸ்டட்டின் போன்ற மருந்துகளை எடுப்பவர் கர்ப்பம் தரிக்க விரும்பினால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். வெட்கத்தால் மறைக்கவும் கூடாது, பயந்து தாமாக நிறுத்தவும் கூடாது.

வருடத்துக்கு ஒரு தடவையாவது, வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கிளினிக் மருந்து, டிஸ்பென்சரி மருந்து, சவூதியிலிருந்து மகன் அனுப்பிய விற்றமின், ஆயுர்வேதக் கஷாயம், கருஞ்சீரக எண்ணெய் என்று எதையும் மறைக்க வேண்டாம். "டொக்டர், இவற்றில் எது இன்னும் தேவை, எது தேவையில்லை?" என்று கேளுங்கள். நான் பார்த்த அளவில், இந்த ஒரு கேள்வியால் ஒன்றிரண்டு மருந்து குறைந்தவர்களே அதிகம்.

நோன்பும் உம்றாவும்

றமழானுக்கு மருந்து நேரத்தை மாற்றுவது பற்றி முதலாம் நோன்பன்று யோசித்தால் காலம் கடந்துவிடும். கிளினிக் மாதத்துக்கு ஒன்று என்பதால், ஷஃபான் மாதத்துக் கிளினிக்கிலேயே கேட்க வேண்டும். மூன்று வேளை மருந்தை இரண்டு வேளையாக்க முடியுமா, இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது, நோன்பு பிடிக்கவே கூடாத நிலையில் இருக்கிறேனா என்பவை அந்தக் கேள்விகள். இன்சுலினும் கிளிபென்கிளமைட் போன்ற சில குளிசைகளும் நோன்பு நேரத்தில் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடியவை. விரலில் குத்திச் சீனி பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே உலமாக்களின் பரவலான கருத்து. ஆகவே உடம்பு நடுங்கி வியர்த்தால் பாருங்கள். சீனி இறங்கியிருந்தால் நோன்பைத் திறந்துவிட வேண்டும். மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது.

உம்றா, ஹஜ் போகிறவர்கள் பயண நாட்களைவிடப் பத்து நாளுக்கு அதிகமாக மருந்து எடுத்துச் செல்லுங்கள். அதைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். மருந்தின் பெயரும் உங்கள் பெயரும் உள்ள வைத்தியரின் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ட்ரமடோல், ப்ரெகபலின் போன்றவை சவூதியில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அப்படியானவை இருந்தால் போகுமுன் முகவரிடமும் வைத்தியரிடமும் விசாரியுங்கள். பக்கத்து வீட்டாரின் மருந்துப் பொதியை உள்ளே என்ன என்று தெரியாமல் கொண்டு போகாதீர்கள்.

ஊராகச் செய்யக்கூடியவை

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, கிளினிக் நோயாளர்களின் மருந்தைத் தபால் திணைக்களத்தின் மூலம் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒசுசல கைபேசியில் துண்டின் படத்தைப் பெற்று மருந்து வழங்கியது. முடியாது என்று நினைத்த ஒன்று சில வாரங்களில் நடந்தது. நோய் கட்டுப்பாட்டில் இருக்கும், பயணம் செய்ய இயலாத முதியவர்களுக்காவது அப்படியொரு முறை நிரந்தரமாக இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுப்பதும், நிலைமை சீரானவர்களை அவரவர் ஊருக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றுவதும் பெரிய கிளினிக்குகளின் நெரிசலைக் குறைக்கும். டொக்டர் "உங்களை ஊர் வைத்தியசாலைக்கு அனுப்புகிறேன்" என்று சொன்னால், நம்மைக் கைவிடுகிறார்கள் என்று நினைத்து மறுக்காதீர்கள். அது பெரும்பாலும் உங்களுக்கு நல்லது.

பள்ளிவாசல் நிருவாக சபைகளும் இதில் பங்கெடுக்கலாம். ஊரில் தனியாக வாழும், பிள்ளைகள் வெளிநாட்டிலுள்ள நோயாளிகள் யார், அவர்களது கிளினிக் நாள் எது என்ற பட்டியல் ஒன்றை இரகசியம் பேணி வைத்திருக்கலாம். ஒரே நாளில் போகும் நான்கு பேருக்கு ஒரு வாகனம் ஒழுங்கு செய்யலாம். வெளியில் எடுக்கும் துண்டுக்குக் காசில்லாதவருக்கு, கைமாற்றாகவோ உதவியாகவோ ஒரு சிறு நிதி வைக்கலாம். மருந்தையே சேகரித்துப் பங்கிடுவது மட்டும் வேண்டாம். ஒருவருக்கு எழுதிய மருந்து இன்னொருவருக்கு நஞ்சாகலாம்.

இன்னும் எந்த வருத்தமும் இல்லை என்று நினைக்கும் 35 வயதைத் தாண்டியவர்கள், 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களுக்குப் போய் சீனியையும் பிரஷரையும் இலவசமாகப் பார்த்துக் கொள்ளலாம். வருத்தம் முன்கூட்டியே தெரிந்தால் மருந்தும் குறைவாகவே தேவைப்படும்.

இவ்வளவையும் செய்ய ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். மகளாகவும் இருக்கலாம், மருமகனாகவும் இருக்கலாம், சாதாரண தரம் படிக்கும் பேரனாகவும் இருக்கலாம். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், மயக்கம் என்றால் கிளினிக் நாளைப் பார்த்துக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று இஷாவுக்குப் பிறகு கால் மணித்தியாலம் ஒதுக்கி, கொப்பியை எடுத்து அடுத்த திகதியைப் பாருங்கள். கையிலுள்ள குளிசைகளை எண்ணுங்கள். கடைசியாக இரத்தம் சோதித்த நாளைத் தேடுங்கள். எண்ணிக்கை குறைந்தாலோ, அந்த நாள் கிடைக்காவிட்டாலோ, அடுத்த கிளினிக்கில் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.